மிசிசிப்பிக் கரையின் பழைய கட்டடங்கள்: தேடிப் பார்க்க, படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வரும் விருந்தாளியை முதல் நாளே ஆற்றங்கரை வளைவுக்கு அழைத்துச் செல்வது எழுதாத சட்டம். ஈரோ சாரினென் வடிவமைத்து 1965இல் எழுப்பி முடித்த 630 அடி உயர எஃகு வளைவு அது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது நிற்கும் புல்வெளியில் ஒரு காலத்தில் ஏறக்குறைய நாற்பது தெருக்கட்டங்கள் இருந்தன. நீராவிப் படகுகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்கிய கிடங்குகளும், வார்ப்பிரும்பு முகப்பு வைத்த கடைகளும் அங்கே நெருக்கியடித்து நின்றன. ஆற்றங்கரையில் ஒரு தேசிய நினைவுச்சின்னம் அமைப்பதற்காக 1939 முதல் அவற்றை இடித்துத் தள்ளினார்கள். 1834இல் கட்டிய பழைய கதீட்ரல் மட்டும் ஒரு மூலையில் தப்பியது.

இந்தக் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. வரலாற்றுக் கட்டடங்களை அளந்து, வரைந்து, படமெடுத்துப் பதிவுசெய்யும் அமெரிக்க அரசுத் திட்டத்தை 1933இல் முன்மொழிந்தவர் சார்லஸ் பீட்டர்சன். அவரே 1936இல் இந்த நினைவுச்சின்ன வேலைக்காகச் செயின்ட் லூயிஸ் வந்து சேர்ந்தார். எதைக் காக்க வேண்டும் என்று நாட்டுக்குச் சொன்னவரின் கண்ணெதிரே நாற்பது தெருக்கட்டங்கள் போயின. அவரால் முடிந்தது பதிவுசெய்வதும், சில முகப்புத் துண்டுகளை எடுத்து வைப்பதும்தான்.

இந்த வழிகாட்டி ஆல்ட்டன் முதல் கேரோ வரையிலான மிசிசிப்பியின் இரு கரைகளையும் பற்றியது. மேற்கே மிசௌரி மாநிலம், கிழக்கே இல்லினாய். சாலை வழியே ஏறக்குறைய 170 மைல். நிதானமாகப் பார்க்க நான்கு நாள் வேண்டும். இரண்டு நாள்தான் இருக்கிறதென்றால் செயின்ட் லூயிஸுக்கு ஒன்று, செயின்ட் ஜெனிவீவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

படி 1: கட்டடத்துக்கு முன் ஆற்றைப் பாருங்கள்

இந்தப் பகுதியில் ஒரு கட்டடம் ஏன் இந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஆறுதான் பதில். பக்கத்து ஊர் ஏன் இல்லாமல் போனது என்று கேட்டாலும் அதே பதில்தான்.

செயின்ட் ஜெனிவீவ் முதலில் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் இருந்தது. 1785 வெள்ளத்துக்குப் பிறகு மக்கள் மேட்டுக்கு நகர்ந்தார்கள். எதிர்க்கரையில் இருந்த காஸ்காஸ்கியா, 1818இல் இல்லினாயின் முதல் தலைநகர். 1881இல் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டு ஊருக்குக் கிழக்கே பாய்ந்தது. பழைய ஊர் கரைந்து போனது. மிஞ்சிய நிலம் இன்றும் சட்டப்படி இல்லினாய்தான், ஆனால் அங்கே போக மிசௌரிப் பக்கமிருந்துதான் சாலை. பிரான்சின் பதினைந்தாம் லூயி மன்னர் அளித்த 1741ஆம் ஆண்டு மணி அங்கே ஒரு சிறு கட்டடத்துக்குள் இருக்கிறது. இன்னும் அண்மையில், 1993 வெள்ளத்தில் மூழ்கிய வால்மையர் என்ற சிற்றூர் மொத்தமாகப் பாறை மேட்டின்மேல் இடம்பெயர்ந்தது.

ஆகவே வரைபடத்தில் மூன்று மட்டங்களைப் பிரித்துப் பாருங்கள்: ஆற்றுக் கரை, அதையடுத்த அகலமான வெள்ளச் சமவெளி, அதற்கப்பால் செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறை மேடு. பயணத்துக்கு முந்தைய நாள் தேசிய வானிலைச் சேவையின் இணையதளத்தில் ஆற்று மட்டத்தைப் பார்த்துவிடுங்கள். செயின்ட் லூயிஸ் அளவுகோலில் 30 அடி வெள்ள மட்டம். 1993 ஆகஸ்ட் 1 அன்று அது 49.58 அடியைத் தொட்டது. மட்டம் ஏறினால் கரையோரச் சாலைகள் மூழ்கும், படகுப் போக்குவரத்து நிற்கும், உங்கள் திட்டமும் அதோடு போகும்.

படி 2: வீட்டில் உட்கார்ந்தே பாதித் தேடலை முடியுங்கள்

மூன்று இலவசப் புதையல்கள் இணையத்தில் இருக்கின்றன. முதலாவது, சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்தவை என்பதால் ஒவ்வொரு கட்டடமும் எதனால் ஆனது என்று வண்ணத்தில் காட்டும்: இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் கிடைக்கும். நூறாண்டுக்கு முந்தைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இன்னும் நிற்பவை எவை, வாகன நிறுத்தமாக மாறியவை எவை என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எனக்கு இதில் கிடைக்கும் இன்பம் படமெடுப்பதில் கிடைப்பதைவிடச் சில நாள் அதிகம்.

இரண்டாவது, தேசிய வரலாற்று இடப் பதிவேட்டின் விண்ணப்பக் கோப்புகள். யார் கட்டியது, எப்போது மாற்றியது, எந்தப் பகுதி அசல் என்றெல்லாம் அதில் இருக்கும். மூன்றாவது, பீட்டர்சன் தொடங்கிய திட்டத்தின் வரைபடங்களும் கறுப்பு வெள்ளைப் படங்களும். இதுவும் காங்கிரஸ் நூலகத்தில்தான். பழைய படத்தைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போய் அதே இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். எந்தச் சன்னல் அடைபட்டது, எந்தத் தாழ்வாரம் காணாமல் போனது என்று அந்த ஒரு பயிற்சியே சொல்லிக்கொடுக்கும்.

படி 3: பருவமும் வெளிச்சமும்

கோடையில் வராதீர்கள். புழுக்கம் சென்னையை நினைவூட்டும். அதைவிட முக்கியமாக, மரங்களின் இலை முகப்பை மறைத்துவிடும். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை மரங்கள் மொட்டையாக நிற்கும்போதுதான் கட்டடம் முழுதாகத் தெரியும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும். கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சூறாவளி (டொர்னாடோ) எச்சரிக்கை வந்தால் படத்தை விட்டுவிட்டு நிலவறை தேடுங்கள்.

ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதால் வெளிச்சக் கணக்கு எளிது. செயின்ட் லூயிஸ் மேற்குக் கரையில் இருக்கிறது. அதன் ஆற்று முகம் காலையில் ஒளிரும். எதிர்க்கரையில் கிழக்கு செயின்ட் லூயிஸில் உள்ள மால்கம் மார்ட்டின் நினைவுப் பூங்காவின் மேடையில் விடியும்போது நின்றால் வெயில் உங்கள் முதுகில் இருக்கும். வளைவுக்குள் பழைய நீதிமன்றத்தின் குவிமாடம் நேராகப் பொருந்தித் தெரியும். மாலையில் அதே இடத்தில் கிடைப்பது நிழலுருவம் மட்டுமே.

படி 4: கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு கேமரா, 24 மி.மீ. அளவில் ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ், உச்சி வேலைப்பாடுகளுக்கு 200 மி.மீ. வரை எட்டும் ஒரு ஜூம், ஒரு டிரைபாட். நல்ல கைப்பேசி மட்டும் இருந்தாலும் முக்கால்வாசி வேலை நடக்கும்.

கட்டடப் படத்தில் எல்லோரும் செய்யும் பிழை, கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பது. சுவர்கள் பின்னால் விழுவதுபோல் ஆகிவிடும். கேமராவை மட்டமாகப் பிடித்து, பின்னால் போங்கள். போக இடமில்லையென்றால் எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடி, வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளம் என்று ஏறுங்கள். மென்பொருளில் பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம்தான். அதற்காக ஓரங்களில் இடம் விட்டு எடுக்க வேண்டும்.

படி 5: செங்கல் நகரம்

1849 மே 17 இரவு, செயின்ட் லூயிஸ் துறையில் நின்ற ஒயிட் கிளவுட் என்ற நீராவிப் படகில் தீப்பிடித்தது. தீ மற்றப் படகுகளுக்கும், அங்கிருந்து ஊருக்கும் பரவியது. அதன் பிறகு மரக் கட்டடங்களுக்கு விடைகொடுத்து நகரம் செங்கல்லுக்கு மாறியது. காலடியிலேயே நல்ல களிமண் இருந்தது வசதியாகிவிட்டது. சுலார்ட், லஃபாயெட் சதுக்கம் ஆகிய பகுதிகளில் நடந்தால் இதன் விளைவு கண்ணெதிரே: தெருத் தெருவாகச் செந்நிறம். பிற்காலச் செங்கல்கள் அச்சில் அழுத்தி வார்த்தவை. காரை இடைவெளி கோடு கிழித்தாற்போல் மெல்லியதாக இருக்கும்.

பழைய செங்கல்லுக்கு இடையில் இருப்பது சுண்ணாம்புக் காரை. நம் ஊர்ப் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். அது மூச்சுவிடும், ஈரத்தை வெளியே விடும். பிற்காலத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு சிமென்ட் வைத்துப் பூசிய இடங்களில் ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, குளிரில் உறைந்து, செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். சாம்பல் நிறக் காரையும் உதிர்ந்த முகமும் ஒரே படத்துக்குள் வந்தால், அந்தச் சுவரின் நோய்க் குறிப்பே கையில் கிடைத்த மாதிரி.

நுட்பக் குறிப்பு ஒன்று: மாலை வெயிலில் செங்கல்லை எடுக்கும்போது கேமராவில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, நுணுக்கம் அழிந்துவிடும். கேமராத் திரையில் ஒளியின் பரவலைக் காட்டும் மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் பார்த்து, எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள். மழை ஓய்ந்த மேகமூட்டக் காலை இன்னும் நல்லது.

நகர மையத்தில் தவறவிடக் கூடாதவை இரண்டு. 1891இல் முடிந்த வெயின்ரைட் கட்டடம் பத்து மாடிதான். ஆனால் எஃகுச் சட்டக உயர்கட்டடத்துக்கு எப்படிப்பட்ட உடை பொருந்தும் என்று லூயி சல்லிவன் கண்டுபிடித்தது இங்கேதான். தூண்கள் இடைவெட்டில்லாமல் மேலே ஓடுவதைத் தெருவிலிருந்து பாருங்கள். சன்னல்களுக்கு அடியிலுள்ள சுடுமண் பலகைகளின் இலைக்கொடி வேலைப்பாடு மாடிக்கு மாடி மாறுகிறது. அதற்குத்தான் ஜூம் லென்ஸ். மற்றொன்று பழைய நீதிமன்றம். ட்ரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் தங்கள் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கு 1847இலும் 1850இலும் இங்கே விசாரிக்கப்பட்டது. புதுப்பிப்புக்குப் பின் 2025 மே மாதம் மீண்டும் திறந்திருக்கிறார்கள். குவிமாடத்தின் நேர் கீழே நின்று, கேமராவைத் தரையில் மல்லாக்க வைத்து, டைமரில் எடுங்கள்.

வடக்குப் பகுதிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2025 மே 16 சூறாவளி அங்கே ஏராளமான செங்கல் வீடுகளின் கூரையையும் சுவரையும் பெயர்த்துவிட்டது. பழைய செங்கல்லுக்கு வெளிச் சந்தையில் விலை இருப்பதால் காலி வீடுகளின் சுவரையே பிரித்து விற்ற திருட்டுகள் அதற்கு முன்பும் நடந்தன. கூரையில்லாத வீடு உங்களுக்கு அழகான இடிபாடாகத் தெரியலாம், ஆனால் அது ஒரு குடும்பம் இன்னும் திரும்பி வரக் காத்திருக்கும் வீடாக இருக்கலாம். வாசலில் ஆள் இருந்தால் முதலில் வணக்கம் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள்.

படி 6: பாலங்கள்

ஈட்ஸ் பாலம் 1874இல் திறந்தது. மூன்று எஃகு வளைவுகள், நடு வளைவு 520 அடி. ஆற்றின் அடியில் பாறையைத் தொடுவதற்காகக் காற்றழுத்த அறைகளில் ஆட்களை இறக்கினார்கள். அந்த அழுத்தத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் உடம்பு என்னாகும் என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களைக் கவனித்த மருத்துவரே ஒரு முறை இறங்கி ஏறி, முடங்கி, பிழைத்தார். பாலத்தின் உறுதியை மக்கள் நம்புவதற்காக ஒரு யானையை நடத்திக் காட்டினார்கள்.

மேல்தளத்தில் நடைபாதை உண்டு, கீழ்த்தளத்தில் நகர ரயில் ஓடுகிறது. நல்ல படம் பாலத்தின் மேலிருந்து கிடைக்காது. லக்லீட் துறைப் பக்கம் கருங்கல் பாவிய கரையில் இறங்கி, வளைவின் அடியிலிருந்து எஃகுக் குழாய்களை நோக்கி எடுங்கள். ஆறு ஏறியிருந்தால் அந்தக் கரையே இருக்காது.

வடக்கே செயின் ஆஃப் ராக்ஸ் பாலம் 1929இல் திறந்தது, 1936 முதல் 66ஆம் எண் நெடுஞ்சாலையைத் தாங்கியது, இப்போது நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் மட்டும். நடு ஆற்றில் அது திடீரென்று வளைகிறது. தூண்கள் படகுகளுக்கு இடைஞ்சல் என்று படகோட்டிகள் எதிர்த்ததும், ஆற்றடிப் பாறை ஒத்துழைக்காததும் காரணம். அங்கிருந்து பார்த்தால் தண்ணீரில் சிறு கோட்டைகள்போல் இரண்டு கோபுரங்கள் நிற்கும். நகரக் குடிநீருக்காக ஆற்றுநீரை உள்ளிழுக்கக் கட்டியவை. காரில் பையைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

படி 7: நிமிர்ந்து நிற்கும் மரங்கள்

இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடு என்றால் நான் செயின்ட் ஜெனிவீவைத்தான் சொல்வேன். ஆங்கிலேய வழிக் குடியேறிகள் மரங்களைப் படுக்கவைத்து அடுக்கி வீடு கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மரங்களை வரிசையாக நிமிர்த்தி நட்டு, இடைவெளியில் களிமண்ணும் வைக்கோலும், அல்லது கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்தார்கள். இதில் இரண்டு வகை. மரத்தை நேரே மண்ணில் புதைப்பது ஒன்று. கல் அடித்தளத்தின்மேல் கிடத்திய உத்தரத்தில் நிறுத்துவது மற்றொன்று. மண்ணில் புதைத்த வகை இயல்பாகவே மக்கிப் போகும். அமெரிக்கா முழுவதும் ஐந்துதான் மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் மூன்று இந்தச் சிற்றூரில்.

அமுரூ வீடு முதல் வகை, போல்டுக் வீடு இரண்டாவது. இரண்டும் 1792ஐ ஒட்டியவை. அமுரூ வீட்டில் வாழ்ந்த பெலாஜி, அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்று, அங்கேயே கடை நடத்தியவர். 2020இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்த பிறகு முக்கிய வீடுகள் சிலவற்றைப் பூங்கா அலுவலர்கள் சுற்றிக்காட்டுகிறார்கள். நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் வீட்டை முன்னாலிருந்து எடுத்துவிட்டுப் போகிறார்கள். அகலமான தாழ்வாரத்தின் நிழலில் சுவர் கறுத்துப் போக, படத்தில் மிஞ்சுவது கூரை மட்டும். வெயில் இல்லாத நாளில் வாருங்கள், அல்லது வெவ்வேறு ஒளி அளவில் மூன்று படம் எடுத்து இணையுங்கள். பிறகு உட்கார்ந்து சுவரின் அடிப்பாகத்தை எடுங்கள். மரம் மண்ணைத் தொடும் இடமா, கல்லைத் தொடும் இடமா என்பதில்தான் இந்த ஊரின் மொத்தக் கதையும் இருக்கிறது. போல்டுக் வீட்டின் மேல்தளத்துக்குள் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் கனத்த மரக் கூரைச் சட்டகத்தைத் தவறவிடாதீர்கள்.

ஊருக்கு வெளியே இருந்து கார்களை ஏற்றிக்கொண்டு மோடாக் துறைக்கு ஒரு படகு போகிறது. ஆறு ஏறியிருந்தால் ஓடாது. அப்போது தெற்கே செஸ்டர் பாலம் வரை சுற்ற வேண்டியிருக்கும். எதிர்க்கரையில் ஷார்த்ர் கோட்டை. 1750களில் பிரெஞ்சுக்காரர்கள் கல்லில் கட்டினார்கள். ஆற்றரிப்பால் 1772இல் ஒரு பக்கச் சுவர் விழுந்தது. இன்று காண்பதில் பெரும்பகுதி மறுகட்டுமானம். வெடிமருந்து அறை மட்டும் அசல். படக் குறிப்பில் இந்த வேறுபாட்டை எழுதாவிட்டால் பார்ப்பவரை ஏமாற்றுகிறீர்கள்.

அங்கிருந்து வடக்கே கஹோக்கியா. அங்குள்ள நீதிமன்றம் 1740ஐ ஒட்டி வீடாகப் பிறந்து, 1793இல் நீதிமன்றமாகி, 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குப் பிரித்து எடுத்துச் செல்லப்பட்டு, பிறகு சிகாகோப் பூங்கா ஒன்றில் நின்று, 1939இல்தான் ஊர் திரும்பியது. மனிதர்களில்கூடச் சிலர் இவ்வளவு அலைந்திருக்க மாட்டார்கள். பக்கத்திலேயே 1799ஆம் ஆண்டுத் திருக்குடும்ப ஆலயம். அதன் மரச்சுவர்கள் வேண்டுமென்றே உட்புறமாகச் சாய்ந்தவை. நான்காம் படியில் சுவரை நிமிர்த்தச் சொன்னேன் அல்லவா? இங்கே மட்டும் மென்பொருளைத் தொடாதீர்கள். கேமராவை மட்டமாக வைத்து எடுத்தாலே சாய்வு உள்ளபடி வரும்.

படி 8: உள்ளே போகலாமா?

பொது இடத்தில் நின்று கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தைப் படமெடுக்க அமெரிக்கச் சட்டம் தடை சொல்வதில்லை. வேலியைத் தாண்டினால் கதை வேறு. மரத்திலோ கம்பத்திலோ ஊதா வண்ணக் கோடு இருந்தால் இந்த இரு மாநிலங்களிலும் அதற்கு அத்துமீறி நுழையாதே என்று பொருள். பலகை தேவையில்லை. தேசியப் பூங்கா நிலங்களில் டிரோன் பறக்கவிடக் கூடாது.

கைவிட்ட கட்டடத்துக்குள் உரிமையாளரின் அனுமதியோடு போனாலும் தனியாகப் போகாதீர்கள். தரை மக்கியிருக்கும். இன்னொன்றும் உண்டு: மிசிசிப்பி, ஒஹாயோ ஆற்றுப் படுகைகளில் பறவை, வௌவால் எச்சம் படிந்த மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை பரவலாக வளர்கிறது. அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் நோய் வரும். புறா எச்சம் குவிந்த மாடியைக் கண்டால், முகமூடி இருந்தாலும், வெளியிலிருந்து எடுத்த படமே போதும் என்று திரும்பிவிடுங்கள்.

படி 9: கேரோ

எகிப்தின் தலைநகர்ப் பெயர்தான், ஆனால் இங்கே உச்சரிப்பு கேரோ. ஒஹாயோவும் மிசிசிப்பியும் சேரும் முனையில், நான்கு பக்கமும் வெள்ளத் தடுப்புக் கரைக்குள் அமர்ந்த ஊர். 1920இல் 15,203 பேர், 2020இல் 1,733 பேர். ரயில் பாலங்கள் வந்து படகுத் துறையின் வேலை போனது ஒரு காரணம். 1909இல் ஊரே கூடி ஒரு கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றது. அறுபதுகளின் இறுதியில் கறுப்பின மக்கள் கடைகளைப் புறக்கணித்தபோது, அவர்களுக்கு வேலை தருவதைவிடக் கடையைப் பூட்டுவதே மேல் என்று வெள்ளையர் பலர் பூட்டிவிட்டுப் போனார்கள். இது தெரியாமல் இங்கே வெறுமையான கடைத்தெருவை எடுத்தால் அது பேய் ஊர்ப் படமாகத்தான் முடியும். அப்படிப்பட்டவை இணையத்தில் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன.

நிற்பவற்றை எடுங்கள். 1872இல் முடிந்த மக்னோலியா மாளிகை, ஊரின் ஈரத்துக்குப் பயந்து நடுவே காற்று இடைவெளி விட்டு இரட்டைச் சுவராகக் கட்டியது. அதே ஆண்டின் சுங்க அலுவலகக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். 1884ஆம் ஆண்டு சாஃபர்ட் நூலகமும் உண்டு. ஊரின் வடக்கு வாயிலில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு மாபெரும் எஃகு வெள்ளக் கதவு இருக்கிறது. என் பார்வையில் கேரோவின் மிக முக்கியமான கட்டுமானம் அதுதான். 2011 மே 2 அன்று இந்த ஊரைக் காக்க, எதிர்க்கரையிலுள்ள பேர்ட்ஸ் பாயின்ட் தடுப்புக் கரையை ராணுவப் பொறியாளர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிசௌரியில் 1,30,000 ஏக்கர் விளைநிலம் மூழ்கியது.

படி 10: குறிப்பு எழுதுங்கள், அன்றிரவே

ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து விவரம்: கட்டடத்தின் பெயர், தெரு, நீங்கள் நின்ற திசை, தேதி, எது அசல் எது பிற்காலச் சேர்க்கை என்ற ஒரு வரி. நான் ஆறாவதாக ஒன்று சேர்க்கிறேன்: அன்றைய ஆற்று மட்டம். அசல் கோப்புகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம் அதே இடத்தில் மீண்டும் நிற்க வேண்டும் என்பதால், கால் வைத்த இடத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.